வர்த்தக ஒப்பந்தம் வருகிறதா? நாடாளுமன்றத்துக்கு மனு எழுத ஒரு பனியன்காரனின் குறிப்பு

என் தம்பி திருப்பூரில் இருபது மெஷின் போட்டுப் பனியன் தைக்கிறான். நான் தென்னாப்பிரிக்காவில், டர்பனில் ஒரு தையல் ஆலையில் கட்டிங் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். சாட்ஸ்வொர்த்தில் குடியேறிப் பதினாலு வருஷம் ஆகிறது. இந்தியாவுக்கும் தென்னாப்பிரிக்கா உட்பட இந்தப் பக்கத்து ஐந்து நாடுகளின் சுங்க ஒன்றியத்துக்கும் சலுகை வர்த்தக ஒப்பந்தம் போடும் பேச்சு 2007இல் தொடங்கியது. நின்று நின்று நடக்கிற பேச்சு. அது செய்தியில் தலைகாட்டும் போதெல்லாம் தம்பி போன் போட்டு "எப்பங்ணா வரி போகும்?" என்பான். அதே நாள் மதியம் ஓவர்லாக் வரிசையில் இருக்கும் பெண்கள் டிபன் டப்பாவோடு வந்து, "டியூட்டியை எடுத்துவிட்டால் எங்கள் வேலை?" என்று கேட்பார்கள். இங்கிலீஷில்தான் கேட்பார்கள். தமிழ் அவர்கள் வீட்டில் ஆயா காலத்தோடு நின்றுவிட்டது.

இரண்டு பேருக்கும் நான் பதில் சொல்ல முடியாது. ஆனால் இரண்டு பேரும் எங்கே போய்க் கேட்க வேண்டும், எப்படிக் கேட்க வேண்டும் என்று சொல்லலாம். இப்படி ஒரு விஷயத்துக்கு நானே மனு எழுதி ஒருமுறை நன்றாகச் சொதப்பியிருக்கிறேன். அந்தச் சொதப்பலில் கற்றதுதான் இது. கடை வைத்திருப்பவர், மசாலா இறக்குமதி செய்பவர், கோழிப் பண்ணைக்காரர் என்று யாருக்கும் பொருந்தும். உதாரணத்துக்கு மட்டும் பனியனை வைத்துக்கொள்கிறேன், எனக்குத் தெரிந்தது அதுதான்.

முதலில் உங்கள் எண்

ஒப்பந்தம் நல்லதா கெட்டதா என்று வாட்ஸ்அப்பில் சண்டை போடுவதற்கு முன்னால் உங்கள் பொருளின் எச்.எஸ். கோடு, அதாவது சுங்கத்தில் சரக்கை வகை பிரிக்கும் எண், என்ன என்று பாருங்கள். பின்னலாடை எல்லாம் 61ஆம் அத்தியாயம். நெய்த துணியில் தைத்த சட்டை, பேண்ட் எல்லாம் 62. டி-ஷர்ட்டும் பனியனும் 6109. அதில் பருத்தி என்றால் 6109.10, மற்ற நூல் என்றால் 6109.90.

நான் சொதப்பியது இங்கேதான். திருப்பூரில் பிறந்து வளர்ந்தவன், பின்னலுக்கும் நெசவுக்கும் வித்தியாசம் தெரியாதவன் இல்லை. ஆனாலும் நண்பர் ஒருவர் தந்த பட்டியலைப் பார்த்து அப்படியே 62 என்று எழுதி அனுப்பிவிட்டேன். பிறகு நடந்த கலந்தாய்வுக் கூட்டத்தில் எதிரே உட்கார்ந்திருந்த அதிகாரி என் தாளைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "நீங்கள் தைப்பது டி-ஷர்ட் என்கிறீர்கள், கேட்பது நெய்த சட்டைக்குப் பாதுகாப்பு. எது உங்கள் பொருள்?" என்றார். பதினொரு பக்கம் எழுதியிருந்தேன். அத்தனையும் அந்த ஒரு கேள்வியில் போச்சு.

எண் தெரிந்ததும் தென்னாப்பிரிக்க வருவாய்த்துறையின் இணையதளத்தில் இருக்கும் சுங்க வரிப் புத்தகத்தைத் திறங்கள். முதல் அட்டவணை, முதல் பகுதி. ஒவ்வொரு எண்ணுக்கும் எதிரே பல பத்திகள் இருக்கும்: பொது வரி, ஐரோப்பிய ஒன்றியமும் பிரிட்டனும், எஃப்டா நாடுகள் (சுவிட்சர்லாந்து, நார்வே முதலானவை), சாடெக் நாடுகள் (மொரீஷியஸ் உட்பட ஆப்பிரிக்காவின் தெற்குப் பக்கத்து நாடுகளின் கூட்டமைப்பு), மெர்கோசூர் (தென் அமெரிக்க நாடுகளின் கூட்டமைப்பு), ஆப்பிரிக்கக் கண்ட ஒப்பந்தம். ஒரு நாட்டோடு போட்ட ஒப்பந்தம் கடைசியில் வந்து சேரும் இடம் இந்தப் பத்திகள்தான். டி-ஷர்ட்டுக்குப் பொதுப் பத்தியில் 45% இருக்கும். இந்தியச் சரக்கு இன்று அதில்தான் வருகிறது. சாடெக் பத்தியில் வரியே இல்லை. அதனால்தான் மொரீஷியஸ் டி-ஷர்ட் இங்கே கடைகளில் அவ்வளவு சகஜமாகத் தொங்குகிறது.

ஒரு பனியனுக்குக் கணக்கு போடுங்கள்

சதவீதம் யார் மனதிலும் தங்காது. ராண்டில் சொல்லுங்கள். கப்பலில் ஏற்றும்போது 40 ராண்ட் விலையுள்ள ஒரு பருத்தி டி-ஷர்ட் என்று வைத்துக்கொள்வோம். வரி 45%, ஆக 18 ராண்ட். வாட் கணக்கு கொஞ்சம் சுற்றி வரும். சரக்கு விலையோடு அதில் 10% சேர்த்து, அதோடு சுங்க வரியையும் கூட்டி, வந்த தொகையில் 15% பிடிப்பார்கள். 40, 4, 18 சேர்ந்து 62. அதில் 15% என்றால் 9.30. மொத்தம் 67.30 ராண்ட். கப்பல் கூலி, ஏஜெண்ட் கூலி தனி.

வரி முழுக்கப் போய்விட்டால்? வாட் 6.60 மட்டும். மொத்தம் 46.60. ஒரு பனியனில் 20.70 ராண்ட் வித்தியாசம். பாதி வரி குறைந்தால் 56.95.

இந்த மூன்று தொகையையும் ஒரு சின்னப் பெட்டியாகப் போட்டு மனுவின் மேலேயே வையுங்கள். பக்கத்தில் உங்கள் ஆலையில் அதே டி-ஷர்ட்டை வெட்டித் தைத்து அயர்ன் போட்டு மடிக்க என்ன ஆகிறது என்று உண்மையான தொகையை எழுதுங்கள். அதைப் படித்ததும் நாடாளுமன்ற உறுப்பினருக்குத் தானாகப் புரிந்துவிடும், உங்களால் 20 ராண்டைத் தாங்க முடியுமா, முடியாதா என்று. கடைக்காரர்கள் அந்த 20 ராண்ட் வாங்குபவருக்குத்தான் போகும் என்பார்கள். போகலாம். ஜனவரியில் பள்ளி திறக்கும்போது மூன்று பிள்ளைக்கு உடுப்பு எடுக்கும் தாய்க்கு அது பெரிய விஷயம்தான், அதை மறுக்க மாட்டேன். ஆனால் எவ்வளவு போகும் என்று எந்த ஒப்பந்தத்திலும் எழுதியிருக்காது.

யார் சரி சொல்ல வேண்டும்

இதுதான் பலருக்கும் குழப்பம். தென்னாப்பிரிக்கா தனியாகப் போய் ஒரு நாட்டோடு வரி ஒப்பந்தம் போட முடியாது. போட்ஸ்வானா, லெசோத்தோ, நமீபியா, எஸ்வாத்தினி, தென்னாப்பிரிக்கா ஐந்தும் ஒரே சுங்க ஒன்றியம். 1910இல் இருந்து இருக்கிறது. அதன் இங்கிலீஷ் சுருக்கப் பெயரை (SACU) சாக்கு என்றுதான் இங்கே சொல்வார்கள். நம் ஊர்ச் சாக்குப்பை மாதிரியே ஐந்து பேர் ஆளுக்கொரு மூலையைப் பிடித்துத் தூக்க வேண்டும். 2002இல் போட்ட ஒன்றிய ஒப்பந்தத்தின் 31ஆம் பிரிவுப்படி மற்றவர்கள் சம்மதம் இல்லாமல் ஒருவர் வெளியாரோடு புதிய சலுகை ஒப்பந்தம் செய்ய முடியாது. அதனால் பேச்சு இழுக்கிறது. தம்பி கேட்டால், "சாக்கில் மாட்டியிருக்குது" என்பேன். சாக்குச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொள்வான்.

அதற்கு அப்புறம் கேப் டவுன், நாடாளுமன்றம் இருக்கும் ஊர். இந்தியாவில் இப்படி ஒரு ஒப்பந்தத்துக்கு அமைச்சரவை ஒப்புதல் போதும், நாடாளுமன்ற வாக்கெடுப்பு தேவையில்லை. இங்கே அப்படி இல்லை. அரசமைப்புச் சட்டத்தின் 231ஆம் பிரிவை ஒருமுறை படித்துவிடுங்கள், அரைப் பக்கம்தான். 231(2) சொல்வது: தேசிய அவை, மாகாணங்களின் தேசியப் பேரவை இரண்டும் தீர்மானம் போட்டு ஏற்றால்தான் ஒப்பந்தம் நாட்டைக் கட்டுப்படுத்தும். தேசிய அவையில் 400 பேர். பேரவையில் மாகாணத்துக்கு ஒரு வாக்கு, ஒன்பதில் ஐந்து வேண்டும். 2024 தேர்தலுக்குப் பிறகு எந்தக் கட்சிக்கும் தனிப் பெரும்பான்மை இல்லை என்பதால், முன்பு போல ஒரு கட்சியை மட்டும் பார்த்துப் பேசினால் போதாது.

231(3) ஒரு சுருக்க வழி. தொழில்நுட்பம், நிர்வாகம் சார்ந்த சாதாரண ஒப்பந்தம் என்றால் அவைகளின் ஒப்புதல் வேண்டாம், நியாயமான காலத்துக்குள் மேசையில் வைத்தால் போதும். அரசுக்கு அவசரம் இருந்தால் இந்த வழி இனிக்கும். ரஷ்யாவோடு 2014இல் கையெழுத்தான அணுசக்தி ஒப்பந்தத்தை 2015இல் இப்படித்தான் வைத்தார்கள். எர்த்லைஃப் முதலான சுற்றுச்சூழல் அமைப்புகள் வழக்குப் போட, 2017 ஏப்ரலில் கேப் டவுன் உயர் நீதிமன்றம் அது செல்லாது என்றது. ஆகவே ஒப்பந்தம் அவைக்கு வந்த அன்று ஏ.டி.சி. என்கிற அவை அறிவிப்பு ஏட்டை இணையத்தில் திறந்து, எந்த உட்பிரிவின் கீழ் வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். அடைப்புக்குள் 2 இருக்கிறதா 3 இருக்கிறதா. 3 என்றால் வரியைப் பற்றி அப்புறம் பேசலாம், முதல் கேள்வி அதைப் பற்றியே இருக்கட்டும்.

எப்போது எழுதுவது

அவைக்கு வந்த பிறகு என்றுதான் நானும் நினைத்திருந்தேன். தவறு. அவைக்கு வரும்போது ஒப்பந்தம் கையெழுத்தாகி மை காய்ந்திருக்கும். உறுப்பினர்கள் ஏற்கலாம், நிராகரிக்கலாம். 6109ஐப் பட்டியலில் இருந்து எடுங்கள் என்றால் அவர்களால் ஒரு எழுத்தைக்கூடத் தொட முடியாது. அந்த நேரத்தில் ஒரு டி-ஷர்ட்டுக்காக முழு ஒப்பந்தத்தையும் யாரும் கவிழ்க்க மாட்டார்கள்.

எனவே எழுத வேண்டிய காலம் பேச்சு நடக்கும் காலம். எழுத வேண்டிய இடம் பிரிட்டோரியாவில் உள்ள வர்த்தகத் துறை. கூடவே நெட்லாக். அரசு, முதலாளிகள், தொழிற்சங்கம், சமூக அமைப்புகள் நான்கு தரப்பும் உட்காரும் மன்றம் அது. பொருளாதாரக் கொள்கையில் பெரிய மாற்றம் என்றால் அங்கே போய் வர வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. தனி ஆளாக நெட்லாக்கில் நுழைய முடியாது. உங்கள் சங்கம் வழியாகத்தான். நான் மேற்பார்வைக்காரன் என்பதால் எங்கள் ஆலைச் சங்கத்துப் பெண்கள் என்னைக் கொஞ்சம் சந்தேகமாகத்தான் பார்ப்பார்கள். இருந்தாலும் கணக்குப் போட்ட அந்தப் பெட்டியைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்கள்.

இதற்கெல்லாம் வாக்குரிமை வேண்டுமா என்று கேட்பீர்கள். எனக்கு இங்கே வாக்கு இல்லை, நிரந்தரமாகத் தங்கும் அனுமதிதான். மனு எழுத அது தடையில்லை. சட்டம் இயற்றும்போதும் மற்ற வேலைகளிலும் பொதுமக்களுக்கு இடம் தர வேண்டும் என்று 59, 72 ஆகிய பிரிவுகள் இரண்டு அவைகளையும் கட்டுப்படுத்துகின்றன. வர்த்தகத் துறைக்கான நாடாளுமன்றக் குழுவின் செயலாளருக்கு ஒரு மின்னஞ்சல் போட்டு, இந்த ஒப்பந்தம் எப்போது குழுவுக்கு வரும், கருத்துக் கேட்பு உண்டா, கடைசித் தேதி என்ன என்று கேளுங்கள். பி.எம்.ஜி. என்கிற நாடாளுமன்றக் கண்காணிப்புக் குழுவின் தளத்தில் கூட்டங்களின் அறிக்கையும் கருத்துக் கேட்பு அறிவிப்புகளும் வரும். வாரம் ஒருமுறை பாருங்கள், வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகிற மாதிரி.

தமிழில் எழுதலாமா என்று கோயில் மண்டபத்தில் ஒரு பெரியவர் கேட்டார். அரசமைப்புச் சட்டத்தின் 6ஆம் பிரிவில் தமிழின் பெயர் இருக்கிறது, குஜராத்தி, இந்தி, தெலுங்கு, உருதுவோடு, மதித்துப் பேண வேண்டிய மொழி என்று. ஆட்சி மொழி இல்லை. ஆகவே இங்கிலீஷிலோ ஜூலுவிலோ எழுதுங்கள். யோசிப்பதைத் தமிழில் யோசித்துக்கொள்ளலாம்.

என்ன கேட்பது

"எங்கள் தொழிலைக் காப்பாற்றுங்கள்" என்று எழுதினால் எல்லோரும் தலையாட்டுவார்கள், அதோடு சரி. துணித் தொழில் என்று ஒரே தொழில் கிடையாது. துணி நெய்கிற, பின்னுகிற ஆலைக்குத் துணி மேல் இருக்கும் வரி வேண்டும். எங்களைப் போல வெட்டித் தைக்கிற ஆலைக்கு அதே வரி சுமை. பெரும்பாலான துணிக்கு 22%. நாங்கள் மேசையில் விரிக்கிற பின்னல் துணியில் பாதி கப்பலில் வந்ததுதான். எனவே என் மனுவில் வரியைப் பற்றிக் கேட்பது இரண்டே: 60ஆம் அத்தியாயத்துப் பின்னல் துணிக்கு இந்தியாவிலிருந்து சலுகை கொடுங்கள், 6109ஐச் சலுகைப் பட்டியலில் சேர்க்காதீர்கள், சேர்த்தே ஆக வேண்டுமென்றால் பத்து வருஷத்தில் படிப்படியாக. முழுத் தடையற்ற ஒப்பந்தம் என்றால் ஏறக்குறைய எல்லாப் பொருளும் உள்ளே வந்துவிடும். சலுகை ஒப்பந்தம் என்றால் பட்டியலில் பேரம் பேச இடம் உண்டு. இந்தியாவோடு பேசுவது இரண்டாவது வகை என்பதால்தான் இப்படிக் கேட்க முடிகிறது. பக்கத்து மில்காரர் நான் கேட்பதற்கு நேர் எதிராக எழுதுவார். எழுதட்டும். இரண்டு மனுவும் ஒரே மேசையில் இருப்பதுதான் விவாதம்.

அடுத்தது ஆரிஜின் விதி. எந்த நாட்டுச் சரக்கு என்று எதை வைத்துச் சொல்வது? நூலில் இருந்தா, துணியில் இருந்தா, தையலில் இருந்தா? சாடெக் நாடுகளுக்குள் உடுப்புக்கு இரண்டு கட்டம் கேட்கிறார்கள், துணியும் அந்தப் பகுதியில் ஆகியிருக்க வேண்டும், தையலும். ஐரோப்பிய ஒப்பந்தத்தில் ஒரு கட்டம் போதும். தம்பிக்குக் கவலையில்லை. கோயம்புத்தூர் மில் நூல், திருப்பூர் நிட்டிங், அங்கேயே சாயம், அங்கேயே தையல். எங்கிருந்தோ வந்த துணியை வெட்டி, லேபிள் ஒட்டி, சர்டிபிகேட் வாங்கி அனுப்புகிறவனால்தான் எனக்கும் தொல்லை, தம்பிக்கும் தொல்லை. எனவே இரண்டு கட்டம் வேண்டும் என்று எழுதுங்கள். ஒரே வாக்கியம், ஆனால் வரி விகிதத்தை விட இதில்தான் ஆலைகள் பிழைப்பதும் போவதும்.

மூன்றாவது, பிரேக். சரக்கு திடீரென்று வெள்ளமாக வந்தால் வரியைத் திரும்பப் போடும் பாதுகாப்பு விதி ஒப்பந்தத்தில் இருக்கிறதா, எத்தனை மாதத்தில் பிடிக்கும் என்று கேளுங்கள். ஐரோப்பாவில் இருந்து உறைந்த கோழித் துண்டுகள் வந்து குவிந்தபோது 2018 செப்டம்பரில் 35.3% பாதுகாப்பு வரி போட்டார்கள். அதற்கு முந்திய வருஷமே டர்பனுக்குப் பக்கத்தில் ஹாமர்ஸ்டேலில் கோழித் தொழிலில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு வேலை போய்விட்டிருந்தது. பிரேக் இருந்தது, பிடித்தது தாமதமாக. எங்கள் தொழிலிலும் ஒரு பாடம் உண்டு. 2007, 2008 இரண்டு வருஷம் சீன உடுப்புக்கு மட்டும் அளவுக் கட்டுப்பாடு போட்டார்கள். கடைக்காரர்கள் வேறு நாடுகளில் ஆர்டர் கொடுத்தார்கள். டர்பனுக்கு அந்த ஆர்டர் திரும்பி வரவில்லை. ஒரு நாட்டு வாசலை மட்டும் சாத்துங்கள் என்று எழுதப் போகிறவர்கள் அதை ஒருமுறை நினைத்துப் பார்த்துக்கொள்ளட்டும்.

ஒரு பக்கம், பத்து நிமிஷம்

மனு ஒரு பக்கம். மேலே நீங்கள் யார், எத்தனை பேர் வேலை செய்கிறார்கள், எச்.எஸ். கோடு. அப்புறம் அந்த ராண்ட் பெட்டி. கீழே நீங்கள் கேட்பது, எண் போட்டு, மூன்றுக்கு மேல் வேண்டாம். ஆதாரத் தாள் தனி இணைப்பாக. நேரில் பேச விரும்புகிறேன் என்று கடைசியில் கட்டாயம் ஒரு வரி. அது இல்லையென்றால் கூப்பிட மாட்டார்கள்.

கூப்பிட்டால் பத்து நிமிஷம் கிடைத்தால் அதிகம். இப்போது பெரும்பாலும் இணையம் வழியாகத்தான். காமிராவுக்குப் பின்னால் ஆலை தெரியட்டும் என்று நான் கட்டிங் ரூமிலேயே உட்கார்ந்து ஒத்திகை பார்த்தேன். துணி வெட்டும் பேண்ட் நைஃப் மெஷின் சத்தத்தில் என் குரலே எனக்குக் கேட்கவில்லை. ஆபீஸ் அறைக்கு மாறிவிட்டேன். கையில் ஒரு பனியன் வைத்துக்கொள்ளுங்கள், அது மட்டும் வேலை செய்கிறது. தோள்பட்டைத் தையலைக் காட்டி, "இந்த ஒரு தையலுக்கு ஒரு ஆள், கழுத்துப் பட்டைக்கு ஒரு ஆள், கை மடிக்க ஒரு ஆள்" என்று சொன்னால் உறுப்பினர்கள் போனை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்ப்பார்கள். வரலாறு பேசாதீர்கள். கரும்புத் தோட்டம், கப்பல், தாத்தா எல்லாம் வேறு கூட்டத்துக்கு. கேட்ட கேள்விக்குத் தெரியவில்லை என்றால் தெரியவில்லை, எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லி, அன்றைக்கே அனுப்பிவிடுங்கள்.

தம்பி இதையெல்லாம் கேட்டுவிட்டு, "அப்ப எனக்கும் ஒண்ணு எழுதிக் குடுங்ணா, டெல்லிக்கு" என்றான். மாட்டேன் என்றேன். ஒரே கையால் இரண்டு பக்கமும் எழுத முடியாது. அவன் சங்கத்து ஆபீஸில் போய் அவனே எழுதட்டும். 6109.10 என்பதை மட்டும் சொல்லிக் கொடுத்தேன், அறுபத்திரண்டு என்று போட்டுவிடாதே என்றும்.